எந்தச் சட்டம் மேலே? அமெரிக்க சமஷ்டியின் வரலாறும் ஒரு பாடசாலை வாசலும்



சமஷ்டி என்ற சொல் நமது நாட்டின் அரசியல் மேடைகளில் எழுபது வருடங்களுக்கு மேலாக அடிபடுகிறது. ஒரு சாரார் அதைப் பிரிவினை என்கிறார்கள். இன்னொரு சாரார் அதுதான் தீர்வு என்கிறார்கள். கிழக்கிலும் தெற்கிலும் மலையகத்திலும் சிதறி வாழும் நாம் இரண்டையும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். ஆனால் ஒரு சமஷ்டி நாட்டில் சட்டங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, மத்தியின் சட்டமும் மாநிலத்தின் சட்டமும் மோதினால் எது வெல்லும், அந்த மோதலுக்கு நடுவே சிறு தொகையாக வாழும் மக்களின் கதி என்ன என்று நிதானமாகப் பேசியவர்கள் நம்மிடையே குறைவு.

அதனால் இன்று உலகின் மிகப் பழைய சமஷ்டி அரசியலமைப்பான அமெரிக்காவின் கதையைப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

*ஏணியின் படிகள்*

முதலில் அடுக்கை விளங்கிக்கொள்வோம். ஓர் ஏணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் படியில் இருப்பது ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு. அதற்கு அடுத்தது காங்கிரஸ் இயற்றும் சட்டங்களும் வெளிநாடுகளுடன் செய்த உடன்படிக்கைகளும். அதற்குக் கீழே, அந்தச் சட்டங்கள் கொடுத்த அதிகாரத்தின்படி சமஷ்டித் திணைக்களங்கள் ஆக்கும் ஒழுங்குவிதிகள். இவ்வளவும் மத்தியின் படிகள்.

அதன் பிறகுதான் மாநிலத்தின் படிகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு. அதற்குக் கீழே மாநில சட்டமன்றத்தின் சட்டங்கள், மாநிலத் திணைக்களங்களின் விதிகள், கடைசியாக நகரசபை, மாவட்ட நிர்வாகம், பாடசாலைச் சபை போன்றவற்றின் உபவிதிகள்.

இதில் ஒரு விடயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வாஷிங்டனில் ஓர் அலுவலகம் முறைப்படி ஆக்கிய ஓர் ஒழுங்குவிதி, ஒரு மாநிலத்தின் மக்கள் எல்லோரும் வாக்களித்து ஏற்றுக்கொண்ட மாநில அரசியலமைப்பையே வெல்லும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த ஒழுங்குவிதிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அரசியலமைப்பு மத்திக்குக் கொடுத்த ஓர் அதிகாரம் இருக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மத்தியின் விதி வலிதற்றதாகிவிடும். 1791இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம், மத்திக்குக் கொடுக்கப்படாத, மாநிலங்களுக்குத் தடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று சொல்கிறது.

ஆகவே "மத்தி எப்போதும் பெரியது" என்பதும் பிழை. "மாநிலம் தன் விருப்பப்படி நடக்கலாம்" என்பதும் பிழை. தனக்கென்று ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் மத்தி மேலானது. சண்டை முழுவதும் அந்த எல்லை எங்கே என்பதில்தான்.

*ஏணி இல்லாத காலம்*

இந்த ஏற்பாடு ஆரம்பத்திலேயே இருக்கவில்லை. பிரித்தானியாவிடமிருந்து பிரிந்த 13 மாநிலங்கள் 1781இல் ஒரு கூட்டமைப்பு ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றுசேர்ந்தன. அதில் மத்திக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தேசிய மட்டத்தில் நிறைவேற்றுத்துறையோ முறையான நீதித்துறையோ இல்லை. ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமென்றால் 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும்.

1783இல் பிரித்தானியாவுடன் சமாதான உடன்படிக்கை செய்தார்கள். பிரித்தானிய வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பழைய கடன்களை அறவிடச் சட்டத் தடை எதுவும் போடக்கூடாது என்பது அதில் ஒரு வாசகம். ஆனால் வேர்ஜினியா போன்ற மாநிலங்களின் சட்டங்கள் அந்தக் கடன்களை அறவிட விடாமல் தடுத்தன. மத்தி கையெழுத்து வைத்தது, மாநிலம் மதிக்கவில்லை. பிரித்தானியாவும் "நீங்கள் வாக்கைக் காப்பாற்றவில்லை" என்று சொல்லி மேற்குப் பகுதியிலிருந்த கோட்டைகளை விட்டுப் போகவில்லை. சட்டங்களுக்கு இடையில் எது மேல், எது கீழ் என்ற தீர்மானம் இல்லாத நாட்டின் கையெழுத்துக்கு வெளியே பெறுமதி இருக்காது என்பதை அவர்கள் பட்டுத்தான் அறிந்தார்கள்.

*1787 ஜூலை 17*

1787இல் பிலடெல்பியாவில் புதிய அரசியலமைப்பை வரைய 12 மாநிலங்களிலிருந்து 55 பிரதிநிதிகள் கலந்துகொண்டார்கள். ரோட் ஐலண்ட் மாநிலம் ஆளனுப்பவில்லை. ஜேம்ஸ் மடிசன் கடுமையான ஒரு யோசனையை வைத்திருந்தார். எந்த மாநிலச் சட்டத்தையும் காங்கிரஸ் இரத்துச் செய்யலாம் என்ற அதிகாரம் வேண்டும் என்றார். ஜூலை 17 அன்று அது வாக்கெடுப்புக்கு வந்தது. 7 மாநிலங்கள் எதிர்த்தன, 3 மாத்திரமே ஆதரித்தன.

அதே நாளில் மேரிலாண்டின் லூதர் மார்ட்டின் வேறொரு யோசனையைக் கொடுத்தார். அவர் மாநில உரிமைகளுக்காக வாதாடியவர். காங்கிரஸின் சட்டங்களும் உடன்படிக்கைகளும் மாநிலங்களின் மேலான சட்டமாக இருக்கட்டும், மாநில நீதிபதிகள் அதற்குக் கட்டுப்படட்டும், ஆனால் மாநிலச் சட்டத்தை இரத்துச் செய்யும் கை காங்கிரஸிடம் வேண்டாம் என்பதே அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. பின்னர் அந்த வாசகத்தைப் பலப்படுத்தி, மாநில அரசியலமைப்புகளும் அதற்குக் கட்டுப்பட்டவை என்று சேர்த்தார்கள். அதுதான் இன்று ஆறாம் உறுப்புரையில் இருக்கும் மேலாண்மை வாசகம்.

இங்கே கவனிக்க வேண்டியது, எந்தச் சட்டம் செல்லும் என்ற தீர்மானத்தை அவர்கள் அரசியல்வாதிகளின் கையிலிருந்து எடுத்து நீதிபதிகளின் கையில் கொடுத்தார்கள் என்பதை. மடிசனின் யோசனை வென்றிருந்தால், பெரும்பான்மைக்குப் பிடிக்காத எந்த மாநிலச் சட்டத்தையும் காங்கிரஸ் வெட்டிவிடலாம். மார்ட்டினின் யோசனையில் வழக்கு வர வேண்டும், வாதம் நடக்க வேண்டும், காரணம் சொல்லித் தீர்ப்பு எழுத வேண்டும். தன் வாசகம் இவ்வளவு பலமாக வளரும் என்று மார்ட்டின் எண்ணவில்லை. அவர் இடையிலேயே சபையை விட்டுப் போனார், பிறகு அந்த அரசியலமைப்பை எதிர்த்தும் பிரசாரம் செய்தார்.

*ஒரு வங்கியும் ஒரு வரியும்*

1816இல் காங்கிரஸ் ஒரு தேசிய வங்கியை உருவாக்கியது. அதன் கிளை பல்டிமோர் நகரில் இயங்கியது. மேரிலாண்ட் மாநிலத்துக்கு அது பிடிக்கவில்லை. மாநில அனுமதி பெறாத வங்கிகள் முத்திரைத் தாளில்தான் பணத்தாள் வெளியிட வேண்டும், அல்லது வருடம் 15,000 டொலர் கட்ட வேண்டும் என்று 1818இல் சட்டம் போட்டது. வங்கியின் காசாளர் ஜேம்ஸ் மக்கலொக் கட்ட மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

1819இல் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் தலைமையில் ஏகமனதாகத் தீர்ப்பு வந்தது. வங்கி என்ற சொல் அரசியலமைப்பில் இல்லாவிட்டாலும், கொடுக்கப்பட்ட அதிகாரங்களை நிறைவேற்றத் தேவையான வழியாக அதை அமைக்க மத்திக்கு முடியும். முறையாக அமைந்த ஒரு மத்திய நிறுவனத்தின் மீது மாநிலம் வரி போட முடியாது, ஏனென்றால் வரி போட முடிந்தால் அழிக்கவும் முடியும்.

அந்த வழக்கில் மேரிலாண்டுக்காக வாதாடிய சட்டத்தரணிகளில் ஒருவர் யார் தெரியுமா? அதே லூதர் மார்ட்டின். 32 வருடங்களுக்கு முன் தான் பிரேரித்த வாசகத்திடமே தோற்றார். மார்ஷலுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1796இல், நீதியரசராக வருவதற்கு முன், வேர்ஜினியாவின் கடன் சட்டத்தை ஆதரித்து இதே உயர் நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றவர் அவர். சட்டத்தின் ஏணி ஆள் பார்ப்பதில்லை.

*"எங்களுக்குப் பிடிக்காத சட்டம் செல்லாது"*

1832 நவம்பரில் தென் கரோலினா மாநிலம், மத்தியின் இறக்குமதித் தீர்வைச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என்று பிரகடனம் செய்தது. 1833 பெப்ரவரி 1 முதல் வரி அறவிட விடமாட்டோம் என்றது. இந்தக் கோட்பாட்டின் மூளை ஜோன் கல்ஹூன். அவர் அப்போது நாட்டின் உப ஜனாதிபதி. ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சன் டிசம்பரில் பதில் பிரகடனம் வெளியிட்டார். ஒரு மாநிலம் தனித்து மத்தியின் சட்டத்தை இரத்துச் செய்வதும், அதேநேரம் ஒன்றியத்துக்குள் இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்தாது என்றார். காங்கிரஸ் ஒரு பக்கம் படைபலத்தைப் பாவிக்க அதிகாரம் கொடுத்தது, மறுபக்கம் தீர்வையைக் குறைத்தது. தென் கரோலினா பின்வாங்கியது.

இது வெறும் வரிச் சண்டை மட்டுமல்ல. தென் மாநிலங்களின் பெருந்தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் நின்றன. இன்று வரியில் கை வைக்கும் மத்தி, நாளை அடிமை முறையில் கை வைத்தால் என்ன செய்வது என்ற பயமும் அதற்குள் இருந்தது.

*ஏணி அநியாயத்துக்கும் ஏறும்*

இதுவரை வாசித்தவர்களுக்கு மத்தியின் பக்கம் நியாயம், மாநிலத்தின் பக்கம் அநியாயம் என்று தோன்றியிருக்கலாம். வரலாறு அவ்வளவு இலேசானதல்ல.

தப்பி ஓடும் அடிமையை உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற ஓர் ஏற்பாடு 1787இன் அரசியலமைப்பிலேயே இருந்தது. 1793இல் காங்கிரஸ் அதற்குச் சட்டம் இயற்றியது. பென்சில்வேனியா மாநிலம் 1826இல், விசாரணை இல்லாமல் யாரையும் பிடித்துக்கொண்டு போவதைக் குற்றமாக்கியது. 1837இல் மார்கரட் மோகன் என்ற கறுப்பினப் பெண்ணையும் அவரது பிள்ளைகளையும் பென்சில்வேனியாவிலிருந்து பிடித்து மேரிலாண்டுக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்களில் ஒருவரான எட்வர்ட் பிரிக் மீது மாநிலம் வழக்குப் போட்டது. 1842இல் உயர் நீதிமன்றம் பிரிக்கின் பக்கம் நின்றது. மாநிலத்தின் பாதுகாப்புச் சட்டம் மத்தியின் சட்டத்தோடு முரண்படுகிறது, ஆகவே வலிதற்றது என்றது.

1850இல் வந்த சட்டம் இன்னும் கொடியது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை, தன் சார்பில் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையாளர் "இவர் அடிமைதான்" என்று அனுப்பினால் அவருக்கு 10 டொலர் கட்டணம், விடுவித்தால் 5 டொலர். சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்த அநியாயம் இது.

1854இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஜொஷுவா குளோவர் என்ற தப்பி வந்த அடிமையை மில்வோக்கி சிறையில் அடைத்தார்கள். ஊர் மக்கள் சிறைக் கதவை உடைத்து அவரை விடுவித்தார்கள். அவர் கனடா போய்ச் சேர்ந்தார். மக்களைத் திரட்டிய பத்திரிகையாளர் ஷேர்மன் பூத் கைதானார். விஸ்கொன்சினின் மேல்நிலை நீதிமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி அவரை விடுவித்தது. 1859இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாக அதை மாற்றியது. மாநில நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது.

இப்போது தென் மாநிலங்களைப் பாருங்கள். 1832இல் "மாநில உரிமை" என்று முழங்கிய அதே தென் கரோலினா, 1860 டிசம்பரில் பிரிந்து போவதற்கான காரணங்களை எழுதியபோது, வட மாநிலங்கள் அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கும் கடமையை மதிக்கவில்லை என்பதைப் பெரிய குற்றச்சாட்டாக வைத்தது. தனக்குச் சாதகமாக இருந்தால் மத்தியின் சட்டம் மேல், பாதகமாக இருந்தால் மாநிலத்தின் சட்டம் மேல்.

நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் முக்கியமானது. சட்டங்களின் படிநிலை என்பது நியாயத்துக்கான உத்தரவாதம் அல்ல. மேல் படியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அது கீழே இறக்கும். மேலே நீதி இருந்தால் நீதி இறங்கும். மேலே அநீதி இருந்தால் அதே வேகத்தில் அநீதி இறங்கும்.

*மேல் படியை மாற்றி எழுதினார்கள்*

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு மேல் படியே மாற்றி எழுதப்பட்டது. 1865இல் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் 14ஆவது திருத்தம், எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்றது. 1870இல் 15ஆவது திருத்தம், இனத்தின் பேரில் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது.

ஆனால் எழுதினால் மட்டும் போதுமா? 1896இல் உயர் நீதிமன்றமே "பிரித்து வைத்தாலும் சமமாக இருந்தால் சரி" என்று வியாக்கியானம் கொடுத்தது. அந்த வியாக்கியானத்தின் நிழலில் தென் மாநிலங்களில் பாடசாலை, பஸ், சாப்பாட்டுக் கடை எல்லாம் இரண்டாகப் பிரிந்தன. அதைப் புரட்ட 58 வருடங்கள் எடுத்தன. 1954 மே 17 அன்று, இனத்தால் பிரிக்கப்பட்ட அரச பாடசாலைகள் இயல்பிலேயே சமமற்றவை என்று உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

*லிட்டில் ரொக், 1957*

ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகரம் லிட்டில் ரொக். அங்கிருந்த பாடசாலைச் சபை, சென்ட்ரல் உயர்நிலைப் பாடசாலையில் 1957 செப்டம்பரிலிருந்து கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கத் திட்டமிட்டது. இதற்கிடையில் 1956இல் ஆர்கன்சா மக்கள் தமது மாநில அரசியலமைப்புக்கு ஒரு திருத்தத்தை வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்க்கும்படி சட்டமன்றத்தைப் பணித்த திருத்தம் அது.

இப்போது ஏணியை நினைவில் வைத்துப் பாருங்கள். மேலே 14ஆவது திருத்தமும் உயர் நீதிமன்றத் தீர்ப்பும். நடுவே மாநில அரசியலமைப்பும் மாநிலச் சட்டமும் ஆளுநரும். ஆகக் கீழே ஓர் ஊர்ப் பாடசாலைச் சபை. அதற்கும் கீழே, ஏணியின் அடியில், புத்தகப் பையோடு ஒன்பது பிள்ளைகள்.

ஆளுநர் ஓர்வல் போபஸ் செப்டம்பர் 2 அன்று மாநிலத்தின் தேசியக் காவல் படையைப் பாடசாலைக்கு அனுப்பினார். அமைதியைக் காக்கவென்று காரணம் சொன்னார். செப்டம்பர் 4 அன்று பிள்ளைகள் வந்தபோது படையினர் அவர்களை உள்ளே விடவில்லை. எலிசபெத் எக்போர்ட் என்ற 15 வயதுப் பிள்ளை மற்றவர்களோடு சேராமல் தனியாக வந்து மாட்டிக்கொண்டாள். முன்னால் துப்பாக்கியோடு படையினர், பின்னால் கத்திக்கொண்டு வந்த கூட்டம். அவள் பஸ் தரிப்பிடம் வரை தனியாக நடந்தாள்.

செப்டம்பர் 20 அன்று சமஷ்டி நீதிபதி ரொனால்ட் டேவிஸ் ஆளுநருக்குத் தடையுத்தரவு போட்டார். படை விலகியது. 23ஆம் திகதி பிள்ளைகள் உள்ளே போனார்கள், வெளியே கூட்டம் பெருகியதால் மதியத்துக்கு முன்பே அவர்களை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. 24ஆம் திகதி ஜனாதிபதி ஐசனோவர் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் சுமார் ஆயிரம் படையினரை அனுப்பினார். அதோடு ஆர்கன்சாவின் தேசியக் காவல் படை முழுவதையும் தன் கட்டளையின் கீழ் எடுத்தார். பிள்ளைகளைத் தடுத்த அதே படை, இப்போது பிள்ளைகளைக் காக்க வேண்டிய படையானது. சீருடை மாறவில்லை, துப்பாக்கி மாறவில்லை. கட்டளை வந்த படி மட்டும் மாறியது. 25ஆம் திகதி ஒன்பது பேரும் முன்வாசலால் உள்ளே போனார்கள்.

அதோடு கதை முடியவில்லை. வருடம் முழுவதும் அந்தப் பிள்ளைகளைத் தள்ளினார்கள், ஏசினார்கள், அடித்தார்கள். மினிஜீன் பிரவுன் என்ற பிள்ளை 1958 பெப்ரவரியில் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டாள். அந்த ஒன்பது பேரில் மூத்த மாணவரான ஏர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதம் அப்பாடசாலையிலிருந்து பட்டம் பெற்று வெளியேறிய முதல் கறுப்பின மாணவரானார்.

பாடசாலைச் சபையோ குழப்பத்தைக் காரணம் காட்டி இரண்டரை வருடம் தவணை கேட்டது. உயர் நீதிமன்றம் விசேட அமர்வு கூடியது. 1958 செப்டம்பரில் கூப்பர் எதிர் ஆரோன் என்ற அந்த வழக்கில் ஒன்பது நீதியரசர்களும் தனித்தனியே பெயர் போட்டுத் தீர்ப்பு எழுதினார்கள். ஆளுநரும் சட்டமன்றமும் அரசியலமைப்பைக் காப்பதாகச் சத்தியம் செய்தவர்கள், அவர்கள் உண்டாக்கிய குழப்பத்தைக் காரணம் காட்டி பிள்ளைகளின் உரிமையைத் தள்ளிப்போட முடியாது என்றார்கள்.

ஆளுநர் என்ன செய்தார்? நகரின் நான்கு உயர்நிலைப் பாடசாலைகளையும் இழுத்து மூடினார். செப்டம்பர் 27 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 19,470 பேர் மூடியே வைக்கச் சொன்னார்கள், 7,561 பேர் திறக்கச் சொன்னார்கள். ஒரு வருடம் பாடசாலை இல்லை. வெள்ளைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தனியார் பாடசாலைகளுக்கும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எந்தப் பாடசாலையும் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் ஒப்பந்தப்படி வேலைக்கு வந்து வெறும் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பாடசாலையின் காற்பந்தாட்டப் போட்டிகள் மட்டும் நிற்கவில்லை!

ஆசிரியர்களாகிய நமக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத இடம் ஒன்றுண்டு. 1959 மே மாதம், பாடசாலைச் சபையில் பிரிவினையை ஆதரித்த உறுப்பினர்கள் 44 ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அப்போதுதான் ஊர் விழித்தது. அதே மாதம் நடந்த வாக்கெடுப்பில் அந்த உறுப்பினர்கள் மூவரை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூனில் சமஷ்டி நீதிமன்றம் பாடசாலைகளை மூடும் சட்டத்தை வலிதற்றதாக்கியது. ஓகஸ்டில் பாடசாலைகள் திறந்தன. மேல் படியிலிருந்து வந்த தீர்ப்பும், கீழ் படியிலிருந்த ஊர் மக்களின் வாக்கும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறந்தன.

*ஒரு சுற்றறிக்கையின் பலம்*

1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்து பத்து வருடங்கள் கழிந்தும், பழைய தென் கூட்டமைப்பு மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒன்றாகப் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மேலே தீர்ப்பு இருந்தது, கீழே ஒன்றும் அசையவில்லை.

1964இல் காங்கிரஸ் சிவில் உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் ஆறாவது பாகம், இனப் பாகுபாடு காட்டும் எந்த நிறுவனத்துக்கும் சமஷ்டிப் பணம் கிடையாது என்றது. அதன் கீழ் கல்விக்குப் பொறுப்பான திணைக்களம் ஒழுங்குவிதிகளும் வழிகாட்டல்களும் வெளியிட்டது. பணம் வேண்டுமா, பிள்ளைகளைச் சேர்த்த கணக்கைக் காட்டு என்றது. வழக்குகளால் பத்து வருடங்களில் முடியாததை, நீதிமன்றத் தீர்ப்புகளோடு சேர்ந்து அந்த விதிகள் சில வருடங்களில் வேகமாக்கின. அலுவலக மேசையில் எழுதப்படும் ஒழுங்குவிதியை நாம் குறைவாக எடைபோடக்கூடாது. சாதாரண மனிதனின் வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் அரசியலமைப்பு அல்ல, கடைசிப் படியில் இருக்கும் அந்தத் தாள்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்தி மாநில அதிகாரிகளைத் தன் வேலைக்காரர்களாக்க முடியாது. 1997இல் ஒரு துப்பாக்கிச் சட்ட வழக்கில், உள்ளூர்ப் பொலிஸ் தலைவர்கள் மத்தியின் சட்டத்தை அமுல்படுத்தியே ஆக வேண்டும் என்று கட்டளையிட மத்திக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இதன் வேர் 1842ஆம் ஆண்டின் அந்த அடிமை வழக்கில் இருக்கிறது. மாநிலம் மத்தியைத் தடுக்கக்கூடாது, ஆனால் உதவி செய்தே ஆக வேண்டும் என்றில்லை என்ற கருத்து அதிலேயே பிறந்தது. வட மாநிலங்கள் பல அதைப் பிடித்துக்கொண்டு, அடிமை பிடிக்க வருபவர்களுக்குத் தமது சிறைகளையும் அதிகாரிகளையும் கொடுக்க மறுத்தன. அநியாயமான மேல் படிக்குக் கீழே இருந்துகொண்டே கைகொடுக்காமல் நிற்க ஒரு வழி இருந்தது.

*நமக்கு என்ன?*

நமது நாடு ஒற்றையாட்சி. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்கு நியதிச்சட்டம் இயற்றும் அதிகாரம் கொடுத்தது. ஆனாலும் அது அமெரிக்க மாநிலத்தின் அதிகாரத்துக்குப் பக்கத்தில் வராது. இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவில் நிறைவேறிய ஒரு சட்டத்தை எத்தனை வருடம் கழித்தும் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம். நமது 1978ஆம் ஆண்டு யாப்பின்படி சட்டமூலமாக இருக்கும்போதே கேள்வி கேட்க வேண்டும், சட்டமாகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஆனால் ஏணி நமக்கும் உண்டு. அரசியலமைப்பு, சட்டம், நியதிச்சட்டம், வர்த்தமானியில் வரும் ஒழுங்குவிதி, பிரதேச சபையின் உபவிதி, திணைக்களத்தின் சுற்றறிக்கை. இதன் கீழ் படி எவ்வளவு பாரமாக இருக்கும் என்பதை நாம் பாடப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. 2020 ஏப்ரலில், 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஓர் ஒழுங்குவிதி நமது ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னது. அது பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய புதிய சட்டமல்ல, வர்த்தமானியில் வந்த ஒரு விதி. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனம் தடுக்கவில்லை. மேல் படியில், உறுப்புரை 10இல், மதச் சுதந்திரம் எழுதப்பட்டிருந்தது. அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்க 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாக மறுத்தது. 2021 பெப்ரவரியில் இன்னொரு வர்த்தமானிதான் அதை மாற்றியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்தவை எரிந்தவையே.

நமது மூத்த தலைமுறைக்கு 1947ஆம் ஆண்டு யாப்பின் 29ஆம் பிரிவு நினைவிருக்கும். எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றக்கூடாது என்று அது சொன்னது. அது இருக்கும்போதே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1953இல் லண்டனின் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டத்தில் பிழை காணவில்லை. 1972இல் அந்தப் பிரிவே போய்விட்டது. லிட்டில் ரொக் கதையும் இதைத்தான் சொல்கிறது. மேல் படியில் நல்ல வசனம் வேண்டும். அதை நேர்மையாக வாசிக்கும் நீதிமன்றம் வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றும் ஆட்சியாளர் வேண்டும். வாசல் வரை நடந்து போகும் பிள்ளையும் வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்றவை தாளில் நிற்கும்.

ஆகவே உறவுகளே, சமஷ்டியா ஒற்றையாட்சியா என்ற வாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், சிறு தொகையினராகிய நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதிகாரம் கொழும்பில் இருக்குமா மாகாணத்தில் இருக்குமா என்பதல்ல. இரண்டு இடத்திலும் நாம் சிறு தொகையாகவே இருக்கக்கூடும். அதிகாரம் எங்கிருந்தாலும் அதற்கு மேலே நம்மைக் காக்கும் ஒரு படி இருக்கிறதா, அந்தப் படியில் ஏறிப்போக நமக்கு வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அன்றாடத்தில் செய்யக்கூடிய சிறிய காரியமும் ஒன்றுண்டு. இனி ஒரு சுற்றறிக்கையோ வர்த்தமானியோ உங்கள் கைக்கு வந்தால், பாடசாலை அனுமதி பற்றியதாக இருக்கட்டும், பிரதேச சபையின் கட்டட அனுமதி பற்றியதாக இருக்கட்டும், மூன்று விடயங்களைப் பாருங்கள். இதை வெளியிட்டவர் யார்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வெளியிட்டார்? அது மேலே உள்ள சட்டத்தோடும் அரசியலமைப்போடும் முரண்படுகிறதா? விளங்காவிட்டால் விளங்கியவர்களிடம் கேளுங்கள். ஊரில் படித்த சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் வருடத்தில் ஒரு தடவையாவது இப்படியான ஒரு சட்ட விளக்கக் கூட்டத்தை வைக்கலாம்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், மரியாதையாகப் பேசுவோம். அடுத்த பதிவில் இந்தியாவின் மூன்று அதிகாரப் பட்டியல்களைப் பற்றி, இன்ஷா அல்லாஹ்.